ஊர் பார்க்க வந்தவள்

ஊர் பார்க்க வந்தவர்களுக்கென்று ஒரு நடை இருக்கிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். மாடு குறுக்கே நின்றால் அதற்கும் ஒரு போட்டோ. காலடியில் சாணி கிடந்தால் மிதித்த பிறகுதான் தெரியும். ஜெய்சல்மேர் கோட்டையின் முதல் வாசலிலிருந்தே சுகன் அந்த நடையைத்தான் நடித்துக்கொண்டு வந்தாள். அண்ணாந்தாள், வாயைப் பிளந்தாள், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். ஆனால் கால் என்று ஒன்று இருக்கிறதே, அது சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! ஏற்றத்தில் எந்தக் கல் வழுக்கும், எந்தக் கல் வழுக்காது என்று அது பாட்டுக்குப் பார்த்து மிதித்தது. கூட வந்த நாத்தனார் ஹன்ஸா இரண்டு தரம் சறுக்கினாள், இரண்டு தரமும் கைடைத் திட்டினாள்.

"ஏம்ப்பா, ஆளாளுக்கு டிக்கெட் கிழிக்கிறீங்களே, இந்தக் கல்லைக் கொஞ்சம் கொத்தி விடக்கூடாதா?"

"எண்ணூறு வருஷமா ஜனங்க நடந்து நடந்து வழவழன்னு ஆன கல்லு ஜீஜி. இதைப் போய் யாராவது கொத்துவாங்களா?"

"எண்ணூறு வருஷமா விழுந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொல்லு."

கைடு சிரித்தான். ஜோத்பூர் பக்கத்துப் பையன், அக்காவை ஜீஜி என்பான். சீசனுக்கு வந்து சீசனோடு போகிறவன். அவனுக்கு இவளைத் தெரிய வழியில்லை. கோட்டைக்குள் இப்போது யாருக்குத்தான் யாரைத் தெரிகிறது! வீட்டுக்கு வீடு ஓட்டலாகிவிட்டது. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி பீட்சா விற்கிறார்கள்.

"என்ன வந்தனா, வாயே திறக்க மாட்டேங்கற? உனக்குத் தெரியாத ஊரா? நீ சொல்லு, நான் கேக்கறேன். இவன் சொல்றதுல பாதி புளுகு," என்றாள் ஹன்ஸா.

சுகன் சிரித்து மழுப்பினாள். ஹன்ஸாவின் வாய் அப்படி. சூரத்தில் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பம். நூறு வாடிக்கையாளர்களை ஒரே நேரத்தில் சமாளித்த வாய். இந்தக் கோட்டைக்குள் ஒரு வீட்டில்தான் சுகன் முதலில் வாழ்க்கைப்பட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். எந்த வீடு என்று தெரியாது. கேட்டதும் இல்லை. அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று கல்யாணத்தின்போதே இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி முடித்த விஷயம் அது.

சுகனின் கணவர் தேவ்கிஷன் ஓட்டல் அறையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நேற்று ராத்திரி தின்ற கச்சோரி வயிற்றைக் கலக்குகிறதாம். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, அவசரமே இல்ல, நிதானமாப் பாத்துட்டு வாங்க," என்றார். வயிறு நிஜமாகவே கலக்கியதா, இல்லை இவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினாரா என்று சுகனுக்குப் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் கடைக்கு ஒரு நாள் லீவு போட்டவரில்லை. அவராகத்தான் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார். நல்ல மனுஷர். அதனாலேயே அவரிடம் எதையும் வாய்விட்டுக் கேட்க இவளால் முடிந்ததில்லை.

வந்தனா என்பது அவள் பெயரில்லை. சூரத்துக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்டது அது. பிறந்தபோது வைத்த பெயர் சுகன். ஜெய்சல்மேர் பக்கத்துப் பேச்சில் சுகன் என்றால் சகுனம், அதிலும் நல்ல சகுனம். அவள் பிறந்த அன்று போக்ரணில் மழை பெய்ததாம், அந்தச் சந்தோஷத்தில் அப்பா வைத்தது. இருபத்திரண்டு வயதில் கோட்டைக்குள் கிர்தருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கிர்தர் ஜீப் ஓட்டுகிறவன். ஊர் பார்க்க வருகிறவர்களை மணல்மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய், சூரிய அஸ்தமனத்தைக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுவான். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஜீப் புரண்டது. சவாரி வந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஓட்டினவன் திரும்பி வரவில்லை.

"பேரு மட்டும் நல்ல சகுனம்!" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் இவள் காதுபடவே சொன்னார்கள். இரண்டாவது சம்பந்தம் கூடி வந்தபோது சூரத் ஜோசியர் முதல் காரியமாகப் பெயரை மாற்றச் சொன்னார். அப்பா மறுக்கவில்லை. ஆதார், பாங்கு, ரேஷன் எல்லாவற்றிலும் வந்தனா ஏறியது. பிறகு அப்பா போனார், அடுத்த வருஷமே அம்மாவும் போனாள். சுகன் என்று கூப்பிட உலகத்தில் ஓர் ஆள் இல்லாமல் போயிற்று.

ஆள் இல்லை. ஒரு சுவர் இருந்தது.

கோட்டைக்குள் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் வாசல் பக்கத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பிள்ளையாரை எழுதி, கீழே மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் தேதியும் எழுதுவார்கள். தெருவில் போகிற எல்லோருக்கும் அதுதான் பத்திரிகை. அந்த வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்வரை அது அப்படியே நிற்கும். அந்த வீட்டில் யாரும் சுகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமியாருக்கு அவள் பீந்தணி. அங்கெல்லாம் மருமகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கிர்தருக்கு அவள் 'ஏய், கேட்டியா'. தனியாக இருக்கும்போதுகூட அவனுக்குப் பெயர் சொல்ல வெட்கம். அவள் பெயரும் அவன் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அந்த ஒரு சுவரில்தான்.

அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுக்குத்தான் அவள் வந்தாள். இத்தனை நாள் இருக்காது, கொழுந்தன் நந்துவுக்குக் கல்யாணமாகி எப்போதோ அழித்திருப்பார்கள் என்று ரயிலில் வரும்போதே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னாளே தவிர, மனசு கேட்கவில்லை.

நடுச் சதுக்கமான சௌக்கைக் கடந்து, கோயிலைக் கடந்து, கைடு அவர்களைச் சந்துக்குள் கூட்டிப்போனான். இந்தச் சந்துக்குத்தான் வருவான் என்று சுகன் நினைக்கவில்லை. ஹன்ஸாவை எங்காவது கடையில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக ஓடிவந்து பார்க்கலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள்.

"இதை எல்லாரும் போட்டோ எடுப்பாங்க," என்று கைடு ஒரு வீட்டின் முன்னால் நின்றான். "இந்தக் கோட்டைலயே பழைய கல்யாணச் சுவரு இதான்."

இருந்தது.

பிள்ளையாரின் மஞ்சள் வெளிறிப்போயிருந்தது. இரண்டு பக்கமும் எழுதியிருந்த வாழைமரங்களில் ஒன்று பொரிந்து உதிர்ந்திருந்தது. ஆனால் எழுத்து இருந்தது. வீட்டின் மற்றச் சுவர்கள் எல்லாம் போன தீபாவளிக்கு அடித்த வெள்ளையில் பளிச்சென்று இருக்க, இந்த ஒரு கட்டத்தை மட்டும் சுற்றிவிட்டு அடித்திருந்தார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்படித்தான் அடித்திருக்க வேண்டும். ஓரத்தில் வெள்ளை பட்டை பட்டையாகத் தடித்து நின்றது.

"கிர்தர் சங் சுகன்," என்று கைடு விரலை ஓட்டிச் சத்தமாகப் படித்தான். "சங்னா 'கூட'ன்னு அர்த்தம். கிர்தர் கூட சுகன். எப்படி ஜோடிப் பொருத்தம் பாருங்க! குடுத்து வச்ச பொண்ணு. ரெண்டு பேரும் இப்ப துபாய்ல செட்டில் ஆயிட்டாங்க. பெரிய நகைக்கடை. இந்தச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டா கல்யாணம் சீக்கிரம் கூடி வரும்னு ஒரு நம்பிக்கை."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தன் பெயரைச் சுகன் காதால் கேட்டாள். கேட்டது ஒரு கூலிக்காரப் புளுகன் வாயிலிருந்து. துபாயில் இருக்கிறானாம் கிர்தர். இருந்துவிட்டுப் போகட்டுமே! இந்தப் பையனின் புளுகில் மட்டுமாவது அவன் நகைக்கடை வைத்து நன்றாக இருக்கட்டுமே என்று நினைத்தாள்.

ஹன்ஸா சுவரைப் பார்த்தாள். அப்புறம் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். சம்பந்தம் பேசிய காலத்தில் ஜாதகத்தில் பார்த்த பெயர் அவளுக்கு மறந்திருக்கவில்லை. வாயில் என்ன வரப்போகிறதோ என்று சுகன் பயந்தாள். ஹன்ஸா கைடு பக்கம் திரும்பினாள்.

"ஏம்ப்பா, கல்யாணம் கூடி வரும்னியே, உனக்கு ஆச்சா?"

"இன்னும் இல்ல ஜீஜி."

"அப்ப இந்தச் சுவரோட லட்சணம் தெரியுதே. வா, எனக்கு நாக்கு வறண்டுபோச்சு. எங்கயோ நல்ல லஸ்ஸின்னு சொன்னியே, அதைக் காட்டு. இவளுக்குத் தயிர் ஆகாது. இவ இங்கயே நின்னு போட்டோ எடுக்கட்டும்."

போகிற போக்கில் சுகனின் கையை ஒரு தரம் இறுக்கப் பிடித்து விட்டாள். "மெதுவா வா. நான் அவனைப் பாத்துக்கறேன்," என்று காதோடு சொல்லிவிட்டுக் கைடைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்த வாய்க்குள் இப்படி ஒரு மனசு இருந்ததை இத்தனை வருஷம் கண்டுகொள்ளாமல் இருந்தோமே என்று சுகனுக்கு இருந்தது.

அவர்கள் போன பிறகுதான் சுவரடியில் இருந்ததை அவள் கவனித்தாள். ஒரு வாளி நிறையக் கரைத்த சுண்ணாம்பு. அதில் சாய்த்து வைத்த வெள்ளையடிக்கிற மட்டை. பக்கத்தில் சாயக் கிண்ணங்கள். படிக்கட்டில் ஓர் ஆள் பீடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கல்யாணச் சுவர் எழுதுகிறவர். பார்த்ததும் தெரிந்தது.

"நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு மா-சா," என்று அவர் உள்ளே இருந்த வீட்டுக்கார அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். "நான் அடிச்சிடவா?"

"நீ அடிக்கறதுக்கா இத்தனை நேரம் உக்காந்திருக்க? முதல் கை சுமங்கலிதான் வைக்கணும். இந்த வீட்டு வழக்கம் தெரியாதா உனக்கு? நந்து அத்தைய கூட்டிட்டு வரப் போயிருக்கான். வந்துடுவான்."

குரல் முன்னால் வந்தது, பின்னால் ஆள் வந்தாள். மாமியார் தாப்பு பாய். தாப்பு என்றால் போதும் என்று அர்த்தம். அவள் வீட்டில் வரிசையாகப் பெண்ணாகப் பிறந்து, இத்தோடு போதும் சாமி என்று வைத்த பெயர். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். கட்டியிருந்த வெள்ளைப் புடவைக்குள் உடம்பு இருப்பதே தெரியவில்லை. வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிச் சந்தைப் பார்த்தாள்.

சுகனின் கை தன்னால் மேலே போயிற்று. தலையில் கிடந்த முந்தானையை நெற்றிக்குக் கீழே மூக்குவரைக்கும் இழுத்து விட்டது. மாமியார் எதிரே வந்தால் இழுத்து விட வேண்டும். அந்த வீட்டில் பழகிய கை. ஊர் பார்க்க வந்தவள் எவளும் அப்படிச் செய்யமாட்டாள் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

தாப்பு பாயின் பார்வை அந்த முக்காட்டில் வந்து நின்றது.

"ஊர் பாக்க வந்தியா மகளே?" என்று கேட்டாள் பிறகு.

"ஆமாம்."

"எந்த ஊரு?"

"சூரத்."

"வகிட்டுல குங்குமம் பாத்தேன். வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு."

"அப்ப ஒரு உதவி பண்ணு. என் சின்ன மகனுக்குக் கல்யாணம். இந்தச் சுவருக்கு முதல் கை வைக்க ஒரு சுமங்கலி வேணும். நான் வைக்க முடியாது. அக்கம்பக்கம் எல்லாம் வீட்டை வித்துட்டுப் போயாச்சு. அந்தப் பக்கம் ஓட்டலு, இந்தப் பக்கம் ஓட்டலு. மத்த சொந்தக்காரங்க நாளைக்குத்தான் வருவாங்க. நீ அந்த மட்டையை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள் சுகன். கண் மங்கிவிட்டது போல. தன்னிடம் போய், அழி என்கிறாளே! தன் பெயரை, அவன் பெயரை! முடியாது என்று சொல்லிவிட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஹன்ஸா போன திசையைப் பார்த்தாள். கால் நகரவில்லை.

"நீ போய் அந்தத் தூரிகையெல்லாம் கழுவிட்டு வா," என்று தாப்பு பாய் எழுதுகிறவரை விரட்டினாள். "பீடிப் புகையோட பிள்ளையார் எழுதலாமா? வாயையும் கொப்புளி."

அவர் முணுமுணுத்துக்கொண்டே குழாயடிக்குப் போனார். தாப்பு பாய் படியிறங்கி வந்தாள். வாளியிலிருந்து மட்டையை எடுத்து, சொட்டச் சொட்ட நீட்டினாள்.

"பிடி பீந்தணி," என்றாள்.

சுகன் முந்தானைக்குள்ளேயே நிமிர்ந்தாள்.

"நீ சந்து திரும்பறப்பவே ஜன்னல் வழியாப் பாத்துட்டேன். நடையைப் பாத்தா போதாதா? கொஞ்சநஞ்சம் சந்தேகம் இருந்துச்சு, அதையும் நீயே தீத்துட்ட. ஊர் பாக்க வந்தவ எவ எனக்கு முக்காடு போடுவா?"

"மா-சா..."

"சத்தமா அழாத. உள்ள பொண்ணு வீட்டுக்காரங்க ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. அவங்க இந்தச் சுவருக்குக் கை வைக்கற வழக்கம் இல்ல. சுவரை அழிச்சாச்சான்னு பாத்துட்டுப் போகத்தான் வந்திருக்காங்க. செத்தவன் கல்யாணம் வாசல்ல நிக்கற வீட்டுக்கு எங்க பொண்ணை அனுப்ப மாட்டோம்னு எத்தனை பேர் திரும்பிப் போயிட்டாங்க தெரியுமா? நந்துவுக்கு முப்பது ஆகுது. என் பிடிவாதத்துல அவன் தலை நரைக்க ஆரம்பிச்சிடுச்சு. பாவம், ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அண்ணன் பேரு இருக்கட்டும்மான்னுதான் சொல்லுவான். எத்தனை நாளைக்கு இருக்கட்டும்?"

இத்தனை வருஷம் சுகன் மனசில் வைத்துக் குமைந்த கேள்வி ஒன்று இருந்தது. அதுதான் வெளியே வந்தது.

"என்னை ஏன் அனுப்பினீங்க? நான் இங்கயே இருக்கேன்னு உங்க காலைப் பிடிச்சேனே. கூட்டிட்டுப் போங்கன்னு எங்க அப்பாகிட்டச் சொல்லிட்டு உள்ள போயிட்டீங்களே. திரும்பிக்கூடப் பாக்கலையே."

"திட்டினியா என்னை?"

"திட்டினேன்."

"நல்லாத் திட்டியிருப்ப. உன் வாய் எனக்குத் தெரியாதா? மண்டபத்துலயே மாப்பிள்ளை லட்டு ஊட்டறப்ப அவன் கையைக் கடிச்சவ நீ." தாப்பு பாய்க்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "திரும்பிப் பாத்திருந்தா விட்டிருக்க மாட்டேன்டி. இங்கயே வச்சிருப்பேன். என்னை மாதிரி ஒரு வெள்ளைப் புடவையக் கட்டிவிட்டு, இந்தப் படியிலயே உக்கார வச்சிருப்பேன். நான் ஒருத்தி உக்காந்திருக்கேனே, போதாதா? உங்க அப்பாவுக்கு ஆள் மேல ஆள் அனுப்பினதே நான்தான். இன்னொரு இடம் பாரு, பாருன்னு. சூரத்து இடம் குதிர்ந்ததும் எனக்குத்தான் முதல்ல சேதி வந்துச்சு. குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு. ஸ்கூல் பரீட்சை, கூட்டிட்டு வரல."

"நல்லாப் படிக்குதா?"

"படிக்குது."

"போதும்," என்றாள் தாப்பு பாய். "எனக்கு அது போதும். இந்தா, பிடி. அந்த ஆள் வந்துடுவான்."

சுகன் மட்டையை வாங்கினாள். கனத்தது. சுண்ணாம்பு முழங்கை வழியாக ஓடி ஜாக்கெட்டுக்குள் இறங்கியது. சுவருக்கு முன்னால் போய் நின்றாள். பிள்ளையாரை மனசுக்குள் கும்பிட்டாள். அவளுடைய பெயர் வலது பக்கம் இருந்தது. அதன்மேல் ஓர் இழுப்பு இழுத்தாள். ஈரச் சுண்ணாம்புக்குள் சிவப்பு எழுத்து அப்படியே தெரிந்தது. இன்னொன்று இழுத்தாள். அப்போதும் தெரிந்தது. காய்ந்தால்தான் மறையும். அது அவளுக்குத் தெரியும்.

இடது பக்கம் கை போகவில்லை.

"அதையும் அடி," என்றாள் தாப்பு பாய் பின்னாலிருந்து.

"முடியல மா-சா."

"நீதான் அடிக்கணும். வேற எவ கை வச்சாலும் என் பிள்ளைய இன்னொரு தரம் எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கும். அதனாலதான் இத்தனை வருஷமா ஒருத்தியையும் கிட்ட விடல. இன்னைக்கும் அத்தை வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது. சாமி உன்னைக் கொண்டுவந்து விட்டிருக்கு. உன் கூடத்தானே அவன் பேரு இருந்துச்சு. நீயே எடுத்துக்க. எடுத்துட்டுப் போயிடு."

சுகன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். மட்டை சுவரில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது கிர்தர் ஈரத்துக்குள் மங்கலாகத் தெரிந்தான். அழுகை அடக்க முடியாமல் வந்தது. முக்காடு இருந்தது நல்லதாகப் போயிற்று. உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே தெரியாது.

தாப்பு பாய் பக்கத்தில் வந்து நின்றாள். விரலால் ஈரச் சுவரில் வலது பக்கத்தைத் தொடாமல் காட்டினாள்.

"சுகன்," என்றாள் எழுத்துக்கூட்டுகிற மாதிரி. "இதானே உன் பேரு? ஒரு தடவைகூட நான் சொல்லிக் கூப்பிட்டதில்ல. நல்ல பேரு. சுகன்... சுகன்..."

கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது சுகனுக்கு. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் சந்துமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தாப்பு பாய் சட்டென்று இரண்டடி தள்ளிப்போய்ப் படியில் ஏறிக்கொண்டாள்.

நந்து வண்டியை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தான். அண்ணன் கல்யாணத்தின்போது அவன் ஜோத்பூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவன். முக்காட்டுக்குள் இருந்த அண்ணியின் முகத்தை அவன் நன்றாகப் பார்த்ததே கிடையாது. இப்போது மீசையும் உடம்புமாக இருந்தான். காதோரம் நரை தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் அண்ணன்தான். சுகன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத்தைக்கு முட்டி வலியாம் மா, மேட்டுல ஏற முடியாதாம். இப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். முதல் கை வச்சாச்சு."

"யாரு வச்சாங்க?"

"இதோ நிக்கறாங்களே. யாரோ, ஊர் பாக்க வந்தவங்க. கேட்டேன், மறுக்காம வச்சிட்டாங்க."

தாப்பு பாய் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பெண் வீட்டார் இருவரும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ஒருத்தி உள்ளே போய்த் தட்டில் வெல்லமும் தேங்காயும் எடுத்து வந்து சுகன் கையில் கொடுத்தாள்.

நந்து சுவர்ப் பக்கம் திரும்பினான். ஈரம் உலர ஆரம்பித்திருந்தது. அண்ணன் பெயரில் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி, சுகனைப் பார்த்துக் கும்பிட்டான்.

"பெரிய உபகாரம் பண்ணியிருக்கீங்க தீதி. கல்யாணத்துக்கு இருந்துட்டுத்தான் போகணும்."

"சாயங்காலம் ரயில்," என்றாள் சுகன்.

"அப்ப பேரையாவது சொல்லிட்டுப் போங்க. நாளை ராத்திரியிலேருந்து எங்க வீட்டுப் பொம்பளைங்க கல்யாணப் பாட்டு பாடுவாங்க. சுவருக்கு முதல் கை வச்சவங்க பேரை அதுல சேத்துப் பாடறது வழக்கம். கல்யாணம் முடியற வரைக்கும் தினமும் பாடுவாங்க."

பெண் வீட்டார் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். தாப்பு பாய் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"பேரென்ன தீதி?"

"வந்தனா," என்றாள் சுகன்.